பேசி அனுப்புங்கள், எழுதிக்கொள்கிறோம்



சுங்குவார்சத்திரம் தாண்டி காஞ்சிபுரம் போகிறவர்கள் நீர்வளூர் என்ற ஊரைக் கடந்திருப்பீர்கள். கம்பெனி பஸ்ஸில் நைட் ஷிப்ட் முடிந்து திரும்புகிறவர்கள் பாதித் தூக்கத்தில் கடந்திருப்பீர்கள். அந்த ஊர்க்காரரான வெங்கடாச்சாரியாருக்கும் பட்டம்மாளுக்கும் 1901 டிசம்பர் 1-ம் தேதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. பின்னாளில் 115 நாவல்கள் எழுதி, 35 வருடம் ஒரு மாதப் பத்திரிகையை நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாள் அவர்தான்.

நம் பக்கத்து ஊர் என்று சொல்லிக்கொள்ள எவ்வளவோ பெரிய பெயர்கள் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் என்றதும் ராமானுஜர் நினைவுக்கு வருவார். இருங்காட்டுக்கோட்டை என்றால் கார் கம்பெனி. கோதைநாயகியின் பெயரை மட்டும் ஏன் நம் பிள்ளைகள் கேள்விப்பட்டதே இல்லை?

இந்த மாதம் அவரைப் பற்றி எழுத ஒரு காரணம் இருக்கிறது. கதைகள் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தோம். நிறையவே வந்தன. எடுத்துப் பார்த்தால் பெண்கள் எழுதியது மிகக் குறைவு. இந்தப் பகுதியில் வேலைக்குப் போகும் பெண்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அது எனக்கு வருத்தமாகவே இருந்தது. தெரிந்த சிலரிடம் கேட்டேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: “எனக்கு எழுதவெல்லாம் வராது.”

கோதைநாயகிக்கும் எழுத வராது.

சின்னக் குழந்தையாக இருக்கும்போதே அம்மாவை இழந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். மாப்பிள்ளை திருவல்லிக்கேணி வை.மு. பார்த்தசாரதிக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் போய்ப் படித்ததில்லை. ஆனால் கதை சொல்லுவார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, தானே இட்டுக்கட்டிச் சொல்லுவார். கணவர் நாடகம் பார்க்க அழைத்துப் போவார். பார்த்துப் பார்த்து, தானே ஒரு நாடகம் செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது.

எழுதத் தெரியாதவர் எப்படி நாடகம் எழுதுவது? பட்டம்மாள் என்ற தோழி உதவிக்கு வந்தார். (அம்மாவின் பெயரும் தோழியின் பெயரும் ஒன்றே.) கோதைநாயகி சொல்லச் சொல்ல, பட்டம்மாள் எழுதினார். அப்படிப் பிறந்த ‘இந்திர மோகனா’ 1924-ல் புத்தகமாக வந்தது. தானே எழுதப் பழகியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தத் தோழியைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். பகலெல்லாம் தன் வீட்டு வேலையும் பார்த்துவிட்டு, இன்னொருத்தியின் கற்பனைக்காகப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்த அந்தப் பெண் இல்லாவிட்டால், தமிழுக்கு இந்த 115 நாவல்களும் கிடைத்திருக்குமா?

அடுத்த வருடமே ‘வைதேகி’ என்ற நாவல். அந்த நேரத்தில் கைகொடுத்தவர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். ‘மேனகா’, ‘கும்பகோணம் வக்கீல்’ எழுதியவர் என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூரார் என்று துப்பறியும் கதைகளும் மர்மக் கதைகளும் கொடிகட்டிப் பறந்த காலம் அது. கோதைநாயகியின் ஆரம்ப நாவல்களிலும் அந்தச் சாயல் இருக்கும். நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை எடுத்து நடத்தும்படி யோசனை சொன்னவரும் வடுவூரார்தான் என்று எழுதியிருக்கிறார்கள். 1925-ல் அந்தப் பத்திரிகை கோதைநாயகியின் கைக்கு வந்தது.

அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. இன்று ஒரகடத்தில் அசெம்பிளி லைனில் நிற்கிற பல பெண்களின் வயது.

வைதிகக் குடும்பத்து மருமகள் கதை எழுதுவதா, பத்திரிகை நடத்துவதா என்று தெருவில் ஏச்சு கிளம்பியது. கணவர் அவர் பக்கம் நின்றார். பேருக்கு நின்றதல்ல, அச்சு வேலையிலும் நிர்வாகத்திலும் தோள் கொடுத்து நின்றார். நூறு வருடத்துக்கு முன்னால் இது எவ்வளவு பெரிய விஷயம்! இன்றைக்கும் எத்தனை வீடுகளில் இது நடக்கிறது, சொல்லுங்கள்?

அதே 1925-ல் காந்தியடிகள் சென்னை வந்தபோது கோதைநாயகி அவரைச் சந்தித்தார். அதன்பின் பட்டும் நகையும் போய், கதர் வந்தது. கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி மறியல் என்று இறங்கி, 1930-களின் தொடக்கத்தில் சிறைக்கும் போனார். சிறைக்குள்ளும் நாவல் எழுதினார். வெளியே பத்திரிகை நிற்கவில்லை.

இனி அவருடைய கூட்டாளிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். எழுத்தாளர் என்றால் தனி அறையில் உட்கார்ந்து யோசிக்கிறவர் என்றுதான் நமக்கு ஒரு படம் இருக்கிறது. கோதைநாயகியைச் சுற்றி எப்போதும் பெண்கள் இருந்தார்கள். காங்கிரஸ் தலைவர் எஸ். சீனிவாச ஐயங்காரின் மகள் அம்புஜம்மாள் அவருடைய தோழி. பிரேம்சந்தின் ‘சேவாசதன’த்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அம்புஜம்மாள். எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்து 1938-ல் வந்த ‘சேவாசதனம்’ அந்தக் கதைதான். பிறகு மந்திரியான ருக்மிணி லட்சுமிபதி இன்னொரு தோழி. எழுத்தாளர் வசுமதி ராமசாமியும் அந்த வட்டத்தில் உண்டு. ஒன்றாக மேடையேறினார்கள், ஒன்றாக மறியல் செய்தார்கள். மேடையில் கோதைநாயகி பேசினால் கூட்டம் கலையாது. நன்றாகப் பாடவும் செய்வார். காஞ்சிபுரத்துப் பெண் டி.கே. பட்டம்மாள், குடும்பப் பெண்கள் மேடையில் பாடக்கூடாது என்றிருந்த காலத்தில் கச்சேரிக்கு வந்தாரே, அவருக்கு ஊக்கம் கொடுத்தவர்களில் கோதைநாயகியும் ஒருவர்.

ஒருத்திக்கு இன்னொருத்தி எழுதிக் கொடுத்தாள், இன்னொருத்தி மேடை பிடித்துக் கொடுத்தாள். ‘ஜகன்மோகினி’யும் இப்படிப்பட்ட ஆதரவில்தான் ஓடியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. குண்டு விழும் என்ற பயத்தில் சென்னை காலியானது. காகிதத்துக்குத் தட்டுப்பாடு. எத்தனையோ பத்திரிகைகள் திணறிய காலத்தில் கோதைநாயகி பத்திரிகையோடு எங்கே போனார் தெரியுமா? நம் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு. ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடிக்கப் போகிறதே, அந்தச் சாலை முடிகிற ஊர். ஒரு பெண் நடத்திய மாத இதழ் போர்க்காலத்தில் அங்கிருந்து தமிழ்நாடு முழுக்கப் போயிருக்கிறது. பேட்டரிக்கும் பிரேக்குக்கும் பேர்போன நம் பகுதியின் ஒரு முனையில் அவருடைய தகப்பனார் ஊர், மறுமுனையில் அவருடைய பத்திரிகை. இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

அவருடைய நாவல்கள் எல்லாமே உயர்ந்த இலக்கியமா என்று கேட்டால், இல்லை என்பேன். சம்பவங்கள் தற்செயலாக வந்து விழும். நல்லவர் நல்லவராகவே இருப்பார். நடுவில் பாத்திரங்கள் பிரசங்கம் செய்யும். தீவிர இலக்கிய விமர்சகர்கள் அவரை ஒதுக்கியதற்கு இவையெல்லாம் காரணம். ஆனால் அவர் யாருக்காக எழுதினார்? சமையல் முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்து, விளக்கைக் கிட்டத்தில் இழுத்துவைத்துப் படித்த பெண்களுக்காக. விதவை மறுமணம், வரதட்சணை, குடிகாரப் புருஷன், பெண் படிப்பு என்று வெளியில் யாரும் அவர்களிடம் பேசாத விஷயங்களைப் பேசினார். அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

‘சித்தி’ படம் பார்த்திருப்பீர்கள். 1966-ல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் எடுத்தது. பத்மினி, ஜெமினி கணேசன், எம்.ஆர். ராதா நடித்தது. பி. சுசீலா பாடிய அந்தத் தாலாட்டை நம் வீட்டு அம்மாக்கள் இன்றும் முணுமுணுப்பார்கள். அந்தப் படம் கோதைநாயகியின் ‘தயாநிதி’ நாவல். தம்பியை டாக்டருக்குப் படிக்கவைக்க, பிள்ளைகுட்டிக்காரரான ஒரு வயதானவருக்குக் கழுத்தை நீட்டுகிறாள் அக்கா. 1960 பிப்ரவரியில் காலமான கோதைநாயகி அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

தம்பி படிப்புக்காக அக்கா. பழைய கதை என்று தோன்றுகிறதா?

வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். ஒரு நடுத்தர ஊரின் ஜனத்தொகை அது. அங்கேயும், சுற்றியுள்ள ஊர்களில் அறைக்கு ஐந்தாறு பேராக வாடகைக்கு இருக்கிற வீடுகளிலும் போய்க் கேளுங்கள். தங்கச்சி நர்சிங் படிக்கிறாள், தம்பிக்கு இன்ஜினீயரிங் பீஸ் கட்டவேண்டும், அப்பா வாங்கிய கடன் பாக்கி, வீட்டுக்குக் கூரை போடவேண்டும். சம்பளத் தேதியன்று எத்தனை கிராமங்களுக்குப் பணம் போகிறது! திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பெண்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து செல்போன் பாகங்களைப் பொருத்துகிறார்கள். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமல் தொடங்கி, ஆறு மாதத்தில் அக்கா என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

இவர்களைப் பற்றிச் செய்தி வருகிறது. விடுதிச் சாப்பாடு கெட்டால் வருகிறது, வேலைநிறுத்தம் என்றால் வருகிறது. நாவல் எங்கே? ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பார்த்து ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். தீப்பெட்டித் தொழிலில் வாடிய குழந்தைகளுக்காக ‘கூட்டுக்குஞ்சுகள்’ எழுதினார். நேரில் போய்த் தங்கி, பேசி, கேட்டு எழுதுவது அவர் வழக்கம். கோதைநாயகி ‘ஜகன்மோகினி’யை எடுத்த அதே 1925-ல் பிறந்தவர் அவர். நம் தொழிற்பேட்டைக்கு அப்படி ஒருவர் வெளியிலிருந்து வரட்டும், வந்தால் சந்தோஷம். ஆனால் காத்துக்கொண்டே இருக்கவேண்டுமா?

எழுதத் தெரிந்தவர்களுக்கு நேரமில்லை என்பது எனக்குப் புரியாமலில்லை. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்து, துணி துவைத்துவிட்டுப் படுக்கிற பெண்ணிடம் நோட்டை நீட்டுவது நியாயமில்லை. வீட்டிலிருக்கும் மருமகளுக்கும் அப்படித்தான். ஆனால் பேசுகிறோமே! ஊருக்கு போன் போட்டு, இன்று சூப்பர்வைசர் என்ன சொன்னார், பக்கத்து லைன் பெண் ஏன் அழுதாள் என்று அரை மணி நேரம் சொல்கிறோமே! அதைவிட நல்ல கதையா?

அதனால் அடுத்த இதழிலிருந்து ஒரு புது ஏற்பாடு செய்கிறோம். எழுதி அனுப்பவேண்டாம். பேசி அனுப்புங்கள். போனில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். எங்கள் உதவி ஆசிரியர்கள் உட்கார்ந்து கேட்டு, நீங்கள் சொன்னபடியே எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் அச்சுக்குப் போகும். உங்கள் பேச்சுத் தமிழைத் திருத்தமாட்டோம். பெயர் போடவேண்டாம் என்றால் போடமாட்டோம். கம்பெனிப் பெயரும் வராது. இந்தியிலோ ஒடியாவிலோ பேசினாலும் பரவாயில்லை, மொழிபெயர்க்க ஆள் வைத்திருக்கிறோம். பிரசுரமாகும் ஒவ்வொன்றுக்கும் சன்மானம் உண்டு. எழுதிக் கொடுத்தவருக்கு அல்ல, கதை சொன்னவருக்கு.

வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவோ மனைவியோ மகளோ கதை சொன்னால் நீங்களே உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுங்கள், பிளஸ் டூ படிக்கிற பையனுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் போனால் ஒன்றும் ஆகிவிடாது. பாட்டி சொல்ல அவன் எழுதட்டும். அவனுடைய தமிழுக்கும் நல்லது.

கோதைநாயகியின் நாவல்களும் இதழில் வரப்போகின்றன. அவர் காலமாகி அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டதால் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, யாரும் அச்சிடலாம். ‘தயாநிதி’யைத் தொடராகப் போட எண்ணியிருக்கிறோம். பழைய ‘ஜகன்மோகினி’ இதழ்களோ கோதைநாயகியின் புத்தகங்களோ உங்கள் வீட்டுப் பரணில், பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வந்து ஸ்கேன் செய்துகொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறோம். அட்டை கிழிந்திருந்தாலும், முதல் பத்துப் பக்கம் இல்லாவிட்டாலும் எங்களுக்கு அது தேவை.

நீர்வளூர் வாசகர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தக் குடும்பம் இருந்த தெரு எது என்று பெரியவர்களிடம் விசாரித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்