அல்லியின் சம்மதம் எங்கே?

வீரப்பெண்ணும் காதலும் மாயமும் கலந்த கதைக்கு மேல்நாட்டு நாவலைத்தான் நாட வேண்டுமா? புகழேந்தியார் பெயரால் வழங்கும் ‘அல்லி அரசாணி மாலை’ நம்மிடம் இருக்கிறதே! அல்லி மதுரையை ஆண்டவள், மணமே வேண்டாமென்றவள். அவளை அர்ச்சுனன் வில்லாலா வென்றான்? கண்ணன் துணையோடு பாம்புருக் கொண்டு அரண்மனை புகுந்தான். உறங்கியவள் கழுத்தில் தாலி கட்டினான்! இதைக் காதலென்று கைதட்ட என் மனம் ஒப்பவில்லை.

பின்னர் மகன் புலந்திரனுக்காகப் பவளத்தேர் தேடிப் போனவன், பவளக்கொடியையும் மணந்தான். 1934-இல் அக்கதை திரைப்படமும் ஆயிற்று.

மாயம் கதைக்கு அழகு. சம்மதத்துக்கு மாற்று ஆகாது. மாணவ நண்பர்களே, அல்லியின் கதையை மீண்டும் எழுதுங்கள். இம்முறை அவள் விழித்திருக்கட்டும். தேரைத் தேடியும் அவளே புறப்படட்டும்!