முடிஞ்சுதுன்னு ஒரு பொய்

வேகம், வேகம் என்று பறக்கிறோம். அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டோமா?

ஹார்ட் டிஸ்க் சுழன்று ஒரு தகவலை எடுக்கச் சில மில்லி செகண்ட் ஆகும். மெமரிக்கு நானோ செகண்ட் கணக்கு. அதனால், அடிக்கடி தேவைப்படுவதை மெமரியிலேயே வைத்துக்கொள்வதுதான் டிஸ்க் கேஷ். படிக்கும்போது அருமை. எழுதும்போதுதான் வில்லங்கம்!

1993-ல் எம்எஸ்-டாஸ் 6.0 உடன் வந்த ஸ்மார்ட்டிரைவ், டிஸ்க்கில் எழுத வேண்டியதை மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, 'முடிஞ்சுது, அடுத்த வேலையைச் சொல்லு' என்று நின்றது. அதை நம்பி ஸ்விட்சை அணைத்த சிலரின் ஃபைல் அம்பேல். அணைத்தவர் தப்பு என்று வாதாடலாம். ஆனால், 'முடிஞ்சுது' என்று சொன்னது யார்? அதே ஆண்டு வந்த 6.2-ல்தான், எழுதி முடித்த பிறகே அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும்படி மாற்றினார்கள்.

செக்கை வாங்கிப் பையில் போட்டதுமே, பணம் வந்துவிட்டதாகப் பேரேட்டில் எழுதுகிறவரை நாம் திறமைசாலி என்றா சொல்வோம்?

எத்தனை மடங்கு வேகம் என்று அளப்பது விளம்பரத்துக்கு உதவும். பாதி வேலையில் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்காத டெஸ்டிங், டெஸ்டிங்கே இல்லை. கரண்ட் என்ன, சொல்லிவிட்டா போகிறது?

வேகம் கிடக்கட்டும் சார், முதல்ல என் ஃபைல் எங்கே?