முத்திரை கண்டு திறத்தல்

அகநானூற்றின் 77ஆம் பாட்டில் மருதனிளநாகனார் ஓர் அரிய செய்தியை உவமையாக வைத்துள்ளார். ஓலைகளை இட்டுக் கயிற்றாற் கட்டிய குடத்தைத் திறக்கும் அலுவலர், மேலிட்ட பொறியை முதலிற் கண்டு, பின்னரே அதனை அழித்து உள்ளிருக்கும் ஓலையைக் கொள்வர் என்பது அது. கணிப்பொறித் துறையிற் பயிலும் நண்பரொருவர் இணையச் செயலிகளின் காவலைப் பற்றி உரைத்தபோது, இக்குடமே என் நினைவில் எழுந்தது. தமிழ் மாணாக்கனுக்கு இத்துறையில் என்ன வேலை என்பார் உளர். தேங்காய்த்திட்டிலும் இன்று விண்ணப்பமும் கட்டணமும் இணையவழியே செல்கின்றன. நம் எல்லார் பெயரும் அக்குடத்தினுள் கிடக்கின்றன. ஆதலின் நமக்கும் இதிற் பங்குண்டு.

இணையப் பக்கங்களை அனுப்பும் வழங்கி இயல்பில் மறதியுடையது. கடவுச்சொல் தந்து நுழைந்த ஒருவர் அடுத்த பக்கத்தைக் கேட்குங்கால், அவர் இன்னார் என்பதை அஃது அறியாது. ஆகவே அவர்தம் பெயர், உரிமை முதலியவற்றைக் குறித்து வைப்பர். இதுவே அமர்வுத் தரவு. இதனை எழுத்துச் சரமாக்கித் தரவுத்தளத்திலோ, பயனரின் உலாவியில் தங்கும் குக்கியிலோ வைத்து, வேண்டும்போது மீட்பர். இடர் நேர்வது மீட்கும் அக்கணத்திலேயாம்.

பைத்தான் மொழியின் பிக்கிள் என்னும் முறை, தரவோடு அதனை மீள ஆக்கும் ஏவல்களையும் சுமந்து செல்வது. பகைவனொருவன் தன் ஏவலை அதனுட் புகுத்திவிடின், மீட்கும் வழங்கியே அதனை நிறைவேற்றிவிடும். பி.எச்.பி., ஜாவா மொழிகளின் உள்ளமைந்த முறைகளிலும் இவ்வகை இடர் உண்டு. 2017இல் ஓவாஸ்ப் அமைப்பு வெளியிட்ட பத்து இடர்களின் பட்டியலில் இதுவும் ஒன்று.

முத்திரையிட்டாற் போதாதோ எனின், போதாது. மறைதிறவுகோல் கொண்டு இடும் முத்திரை, எழுத்தை எவரும் மாற்றவில்லை என்று காட்டும், அஃது இன்றியமையாததே. ஆயினும் அத்திறவுகோல் பிறர் கைப்படின், அவரும் அம்முத்திரையை இடுவர். அந்நாளில் அழிவின் அளவை வரையறுப்பது, குடத்தினுள் இருப்பது யாது என்பதே. 919, 921ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலையில் பெயரே எழுதப்பட்டது. பெயர் எழுந்து எவரையும் ஏவாது. ஜேசன் என்னும் முறையும் அத்தகையது. எண், சொல், ஆம் இல்லை என்னும் குறிப்பு, இவற்றின் தொகுதி என்பனவன்றி ஏவல் எதுவும் அதனுள் இல்லை. திறவுகோல் பெற்ற கள்வன் பிறராக நடிக்கக்கூடும். ஆயின் மீட்டலின் வழியே வழங்கியை ஏவல்கொள்ளல் அரிது. ஜாங்கோ என்னும் சட்டகம் 2013இல் 1.6ஆம் பதிப்பில் அமர்வுக்கு ஜேசனையே இயல்பு முறையாக்கியது; 2023இல் 5.0ஆம் பதிப்பில், தான் அளித்துவந்த பிக்கிள் வழியையும் நீக்கியது.

ஜேசன் தேதியை நேரே ஏற்காது, உழைப்பு மிகும் என்பர் சிலர். உண்மையே. தேதியை எழுத்தாக்கவும், மீட்டபின் சரிபார்க்கவும் சில வரிகள் மிகும். அச்சிறு சோம்பலுக்காகப் பல்லாயிரவர் பெயரை இடருக்கு உள்ளாக்குதல் அறமன்று. மேலும், முத்திரை வேறு, மறைப்பு வேறு. முத்திரையிட்ட குக்கியையும் அதனை வைத்திருப்போர் படிக்கலாம். ஆதலின் மறைபொருளை அதில் வைத்தல் ஆகாது.

செயலி இயற்றும் நம் கல்லூரித் தோழர்களே! குறைவாக வையுங்கள்; ஏவலற்ற தரவாக வையுங்கள்; முத்திரை கண்ட பின்னரே திறவுங்கள். பிறர் பெயரை வைத்திருப்போர் அதற்கு உடையவரல்லர், உக்கிராணக்காரரே. கணக்கு ஒப்புவிக்கும் நாள் அவர்க்கு உண்டு என்பதை மறவாதிருத்தல் நன்று.