யார் வெல்வார் என்பது சிறுபிள்ளைக் கேள்வியா?

இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் மோதினால் யார் வெல்வார்? இலக்கியக் கூட்டம் ஒன்றில் இந்தக் கேள்வியை எழுப்பிப் பாருங்கள். முதலில் ஒரு புன்னகை வரும். அடுத்து, 'இன்னுமா?' என்ற பார்வை. பிறகு எல்லோரும் பின்நவீனத்துவத்துக்குத் திரும்பிவிடுவார்கள். வெவ்வேறு கதைகளின் நாயகர்களையும் வில்லன்களையும் ஒரே களத்தில் இறக்கிப் பார்ப்பது மீசை முளைக்கும் முன்பே விட்டுவிட வேண்டிய விளையாட்டு என்பது நம் விமர்சகர்களின் துணிபு. தமிழ் எம்.ஏ. வகுப்புகளில் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தத் துணிபு அறியாமையிலிருந்து வருவது. காமிக்ஸைப் பற்றிய அறியாமையை மன்னித்துவிடலாம். நம் காவிய மரபைப் பற்றிய அறியாமையை எப்படி மன்னிப்பது?

நான் வாழும் இந்தச் சேதுக் கரையில் வழங்கும் கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தீர்த்த யாத்திரையாகச் சேதுவுக்கு வந்த அருச்சுனன் இராமன் கட்டிய அணையைப் பார்க்கிறான். பார்த்ததும் அவனுக்கு எழுவது பக்தி அல்ல, ஐயம். இராமன் அவ்வளவு பெரிய வில்லாளி என்றால் அம்புகளாலேயே பாலம் கட்டியிருக்கலாமே, குரங்குகள் கல் சுமக்க வேண்டிய தேவை என்ன? அருகில் அனுமன் இருக்கிறான். 'நீ கட்டு, நான் ஏறுகிறேன்' என்கிறான். பந்தயம் நடக்கிறது. அம்புப் பாலம் அனுமனின் அடியில் நொறுங்குகிறது. தோற்ற அருச்சுனன் தீயில் புகத் துணிகிறான். அப்போது அந்தணர் உருவில் கண்ணன் வருகிறான். சாட்சி இல்லாத பந்தயம் செல்லாது என்கிறான். மீண்டும் பாலம் கட்டப்படுகிறது. இம்முறை கண்ணனே அடியில் நின்று தாங்குவதால் அது நிற்கிறது. இரு தரப்பின் செருக்கும் ஒருசேர அடங்குகிறது. அருச்சுனனின் தேர்க்கொடியில் அமர அனுமன் இசைகிறான்.

இராமாயண நாயகனும் பாரத நாயகனும் யுக வேறுபாட்டைத் தாண்டி மோதும் போட்டி இது. இதற்கும் மாயாவி–ஸ்பைடர் மோதலுக்கும் வடிவத்தில் வேறுபாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நான் சுட்டவருவது வடிவத்தை அல்ல, அருச்சுனனின் கேள்வியை. அது ஒரு காவியம் இன்னொரு காவியத்தை நோக்கிக் கேட்கும் கேள்வி. பாரதத்து வில்லாளிக்கு வீரம் என்பது தனியொருவனின் கைத்திறன். இராமாயணத்தின் அணையோ நளன் திட்டமிட, பெயரில்லாத ஆயிரம் கைகள் கல்லும் மரமும் சுமந்து கட்டியது. அம்புப் பாலம் கட்டியவனின் பெருமையைத் தாங்கும். கடக்க வேண்டிய படையைத் தாங்காது. கூட்டு உழைப்பைக் கேலி செய்த தனித்திறமைக்கு இந்தக் கடற்கரைக் கதை கொடுத்த விடை அது. ஒப்பிலக்கிய ஆய்வேடுகள் எத்தனையோ இதில் பாதியைக்கூடச் சொன்னதில்லை. கற்பனை மோதலைத் திறனாய்வு என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான்.

இது மக்கள் வழக்கின் விபரீதம் மட்டும்தானா? வியாசரே வனபருவத்தில் வீமனை அனுமன் முன் நிறுத்தி, ஒரு கிழக்குரங்கின் வாலைத் தூக்க முடியாமல் திணற வைத்தார். உத்தர காண்டம் இராவணனை வாலியிடமும் கார்த்தவீரியனிடமும் தோற்கவிட்டது. அந்தக் கார்த்தவீரியனைக் கொன்றவன் பரசுராமன். பரசுராமனை அடக்கியவன் இராமன். இவனை வென்றவனை வென்றவன் எவன் என்று இன்றைய சிறுவர்கள் போடும் கணக்கு இதுவேதான். வால்மீகியிலும் கம்பனிலும் இல்லாத மயில் இராவணன் கதைக்கு வாருங்கள். கடலைத் தாண்டிய அனுமனின் வியர்வைத் துளியை ஒரு மீன் விழுங்கியதால் பிறந்த மச்சவல்லபன் பாதாளக் காவலனாக நிற்கிறான். தந்தையும் மகனும் ஒருவரையொருவர் அறியாமல் மோதுகிறார்கள்; யாரும் வெல்ல முடிவதில்லை. 'அல்லி அரசாணி மாலை'யில் மதுரை அரசி அல்லியிடம் அருச்சுனனின் வீரம் எடுபடவில்லை. கண்ணனின் சூழ்ச்சி தேவைப்பட்டது. பாரதம் தந்த நாயகனைத் தன் ஊர்ப் பெண்ணிடம் திணறவிட்டுப் பார்த்த பாண்டிநாட்டுக் கேட்பவர்களுக்கு நம் பேராசிரியர்கள் என்ன பெயர் வைப்பார்கள்?

இரண்டு மறுப்புகள் வரும் என்று எனக்குத் தெரியும். முதலாவது, 'அவை மரபு, இவை வணிகச் சரக்கு' என்பது. மயில் இராவணனும் அல்லியும் நம் தாத்தாக்களின் கைக்கு எப்படி வந்தார்கள்? மலிவுத் தாளில் அச்சிட்டு, திருவிழாக் கடைகளில் விற்ற பெரிய எழுத்துப் புத்தகங்களாக. அவையும் சரக்குதான். இரண்டாவது, 'மாயாவி தமிழன் அல்ல' என்பது. உண்மை. அவர் 1962இல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் பிறந்த லூயிஸ் கிராண்டல். ஸ்பைடர் 1965இல் 'லயன்' என்ற மற்றொரு பிரிட்டிஷ் இதழில் பிறந்தவர். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலும் அவருக்குக் கதை எழுதினார். சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் முன்னவரையும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் பின்னவரையும் தமிழ்ச் சிறுவர்களின் கைகளில் சேர்த்தன. வந்தேறிகள் என்று இவர்களைத் தள்ளுபவர்கள், அனுமனும் அருச்சுனனும் எந்த ஊர்க்காரர்கள் என்று சொல்லிவிட்டுத் தள்ளட்டும்.

மறுபக்கத்து நண்பர்களையும் நான் விடுவதாக இல்லை. காமிக்ஸ் ரசிகர்களில் ஒரு சாரார் இந்த விளையாட்டை எடைமேடையாக்கிவிட்டார்கள். யார் எத்தனை டன் தூக்குவார், யாருடைய வேகம் எவ்வளவு என்று அட்டவணை போடுகிறார்கள். 1996இல் அமெரிக்காவின் டிசி, மார்வெல் நிறுவனங்கள் தம் நாயகர்களை மோதவிட்டபோது, ஐந்து போட்டிகளின் முடிவை வாசகர் வாக்கெடுப்புக்கே விட்டன. அதில் ஸ்டார்ம் வொண்டர் உமனை வென்றார். ஏன் வென்றார்? வாக்கு அதிகம் விழுந்தது, அவ்வளவுதான். கதைக்குள்ளிருந்து வராத வெற்றி எதையும் சொல்வதில்லை. சேதுக்கரைப் பந்தயத்தை வாக்கெடுப்புக்கு விட்டிருந்தால் அருச்சுனனின் கேள்வியே காணாமல் போயிருக்கும்.

சரி, மாயாவியும் ஸ்பைடரும் மோதட்டும். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் தெரியும். ஸ்பைடரோ வலைத் துப்பாக்கியும் ஹெலிகாரும் பெல்ஹாம், ஆர்டினி என்ற இரண்டு ஏவலாளர்களும் உடையவர். குற்ற உலகின் சக்கரவர்த்தியாகத் துடித்தவர். ஆயுதக் கணக்கை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். ஒருவர் காணப்படாமல் வெல்பவர். மற்றவர், தன் வெற்றியை உலகம் காணாவிட்டால் வென்றதாகவே கருதாதவர். கண்ணுக்குத் தெரியாத எதிரியைத் தோற்கடித்தேன் என்று ஸ்பைடர் யாரிடம் மார்தட்டுவார்? யாரும் காணாத இடத்தில் வெறும் இரும்புக்கையாக எஞ்சுகிறவருக்கு அந்த ஆர்ப்பாட்டத்தின் மீது பொறாமை எழாதா? இருவரும் குற்றவாளிகளாகத் தொடங்கி நல்வழிக்கு வந்தவர்கள் என்பது மோதலை இன்னும் கூர்மையாக்கும். ஒவ்வொருவரும் தன் பழைய முகத்தோடுதான் சண்டையிட வேண்டியிருக்கும். தனித்தனியே படித்தபோது நமக்குப் பிடிபடாதவை இவை.

இவர்களை ஒரே கதைக்குள் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். 2005-06இல் வெளியான 'ஆல்பியன்' என்ற ஆறு இதழ்த் தொடர் ஸ்பைடரையும் இரும்புக்கைக்காரரையும் இயந்திர மனிதன் ஆர்ச்சியையும் ஒன்றாக்கியது. பழைய காமிக்ஸ் நாயகர்களையும் வில்லன்களையும் பிரிட்டிஷ் அரசே சிறைவைத்திருக்கிறது என்பது அதன் கரு. அதன் கதைத்திட்டத்தை வகுத்தவர் ஆலன் மூர். தன் சிறுவயதுக் கற்பனையை அரசு ஏன் பூட்டிவைக்கிறது என்று ஒரு தேசத்தைக் கேட்கும் கதை அது. அந்த நாயகர்களை அதே ஆசையோடு படித்த தமிழ்ச் சிறுவர்கள் இராமநாதபுரத்திலும் இருந்தார்கள், பரமக்குடியிலும் இருந்தார்கள். பழைய புத்தகக் கடை வாசலில் நின்று அவர்கள் நடத்திய வாதங்கள் எங்கே போயின? எழுதப்படவில்லை. எழுதத் தக்கவை என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்களுள் சிலர் என் போன்றோரின் வகுப்பறைக்கு வந்து, தமிழிலக்கியம் என்றால் ரசித்ததை மறைத்துக்கொள்வது என்று கற்றுக்கொண்டார்கள்.

இது சிறிய இழப்பல்ல. ஒரு பாத்திரத்தை அதன் கதையிலிருந்து பெயர்த்து வேறொரு கதையின் நியாயத்தின் முன் நிறுத்தத் தெரிந்தவனே நல்ல வாசகன். அந்தத் திறன் பத்து வயதில் இயல்பாக வருகிறது. இருபது வயதுக்குள் அதை மழுங்கடித்துவிட்டு, பிறகு 'மாணவர்களுக்கு விமர்சன நோக்கே இல்லை' என்று கருத்தரங்குகளில் அழுகிறோம்.

ஆகவே சக ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை ஒரு மாணவன், யாரும் யாரும் மோதினால் யார் வெல்வார் என்று கேட்டால், சிரிக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். அவன் காரணம் சொல்லத் தொடங்கும் இடத்தில் திறனாய்வு தொடங்கிவிட்டது. கரையில் நின்று அணையைப் பார்த்துக் கேள்வி கேட்ட அருச்சுனனைக்கூட அனுமன் சிரித்து அனுப்பிவிடவில்லை. 'கட்டிக் காட்டு' என்றுதான் சொன்னான்.