ஜோடி பிரியாத சொற்கள்



எமது பிள்ளைகளில் பலர் ஆங்கிலப் பாடத்தில் நல்ல புள்ளிகள் எடுக்கின்றனர். இலக்கணம் தெரிகிறது. நூற்றுக்கணக்கான சொற்களுக்குப் பொருளும் தெரிகிறது. ஆயினும் வாய் திறந்து நான்கு வசனம் பேசச் சொன்னால் தடுமாறுகின்றனர். எழுதச் சொன்னாலோ, சொற்கள் எல்லாம் ஆங்கிலம், வசனம் மட்டும் தமிழ் என்ற நிலை. இதற்குரிய காரணங்களுள் ஒன்றை இம்மாதம் பார்ப்போம். வீட்டில் இருக்கும் தாயே திருத்தி வைக்கக்கூடிய ஒன்று அது. அத்தாய் ஆங்கிலம் படித்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

முதலில் எமது சொந்தப் பேச்சைச் சற்றுக் கவனியுங்கள். நாம் நோன்பு பிடிக்கிறோம். பஸ் பிடிக்கிறோம். படம் பிடிக்கிறோம். எமக்குத் தடிமன் பிடிக்கிறது. பிள்ளை அடம் பிடிக்கிறது. எல்லாவற்றுக்கும் 'பிடி' என்ற ஒரே வினைச்சொல்தான். இந்த ஐந்தையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். 'கேட்ச்' என்பது பஸ்ஸுக்கும் தடிமனுக்கும் மட்டுமே பொருந்தும். 'கேட்ச் எ பஸ்', 'கேட்ச் எ கோல்ட்' என்பார்கள். படத்துக்கு 'டேக்' வரவேண்டும். 'டேக் எ போட்டோ'. நோன்புக்கு 'கீப்' வரவேண்டும்; 'கீப் எ ஃபாஸ்ட்'. அடம் பிடிப்பதற்கோ இப்படியொரு ஜோடியே தேவையில்லை; பிள்ளை 'ஸ்டபர்ன்' ஆக இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஏன் இப்படி என்று கேட்டால், வழக்கம் அப்படி என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. தமிழுக்குள்ளேயே பாருங்கள். நாம் பிடிக்கின்ற நோன்பைத் தமிழ்நாட்டில் பலர் வைக்கிறார்கள். ஆங்கிலத்திலும் அதே கதைதான். குளிப்பதை இங்கிலாந்தில் பெரும்பாலும் 'ஹேவ் எ பாத்' என்பர். அமெரிக்காவில் 'டேக் எ பாத்' என்பர். தண்ணீர் ஒன்றுதான், ஜோடி வேறு.

அரபு ஓதும் பிள்ளைகளுக்கும் இது புதிதல்ல. 'ளரப' என்றால் அடித்தான் என்று பொருள். அதோடு 'மஸலன்' சேர்ந்தால் உதாரணம் கூறினான் என்று ஆகிவிடுகிறது. அங்கே அடியைத் தேடினால் பொருள் கிடைக்காது.

குசினியில் இருந்து தொடங்குவோம்

நாம் தேத்தண்ணி ஊற்றுகிறோம். இதைப் பிள்ளை அப்படியே மாற்றி 'போர்' என்ற வினையைப் போட்டால், தயாராக இருக்கும் தேநீரைக் கோப்பையில் வார்ப்பது என்றுதான் ஆங்கிலேயர் விளங்கிக்கொள்வார். தண்ணீர் கொதிக்க வைப்பது முதல் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல 'மேக் டீ' என்றே சொல்லவேண்டும்.

'மேக்', 'டூ' ஆகிய இரண்டும்தான் எமது பிள்ளைகளை அதிகம் குழப்புபவை. இரண்டுக்கும் நாம் 'செய்' என்றே பொருள் எழுதி வைத்திருக்கிறோம். முன்பு இல்லாத ஒன்று புதிதாக உண்டானால் பெரும்பாலும் 'மேக்' வரும். கேக், சத்தம், பிழை, வாக்குறுதி, பட்டியல் ஆகியவை இவ்வகை. ஏற்கனவே இருக்கும் வேலையைச் செய்து முடித்தால் பெரும்பாலும் 'டூ' வரும். வீட்டுப்பாடம், உடுப்புக் கழுவுதல், சாமான் வாங்குதல், வியாபாரம், ஒருவருக்குச் செய்யும் உதவி ஆகியவை அவ்வகை. ஆகவே பிழை விட்டால் 'மேக் எ மிஸ்டேக்'. வீட்டுப்பாடம் செய்தால் 'டூ ஹோம்வேர்க்'.

'பெரும்பாலும்' என்று சொன்னதைக் கவனியுங்கள். காலையில் எழுந்து படுக்கையை ஒழுங்குபடுத்துவது 'மேக் த பெட்'. கட்டில் செய்யும் தச்சரை நினைத்துவிடக் கூடாது. விதி பாதி தூரம்தான் கூட்டிச் செல்லும். மீதித் தூரத்துக்கு ஜோடியைப் பழகிக்கொள்வதே வழி.

பொருள் மாறிவிடும் இடங்கள்

ஜோடி மாறினால் சில வேளை கேட்பவர் சிரிப்பதோடு விடயம் முடிந்துவிடும். சில வேளை பொருளே தலைகீழாகிவிடும். "நான் உங்களுக்குக் கோல் எடுக்கிறேன்" என்று நாம் சொல்கிறோம். இதையே 'டேக் எ கோல்' என்று மாற்றினால், வந்த அழைப்பை ஏற்றுப் பேசுவது என்றாகிவிடும். வேலைக்கு விண்ணப்பித்த ஒரு மகள் நிறுவனத்துக்கு இப்படிச் சொன்னால், அவள் தங்களை அழைப்பாள் என்பது அவர்களுக்கு விளங்காமலே போகலாம். நாம் அழைப்பதற்கு 'மேக் எ கோல்' என்பதே சரி.

பரீட்சை எழுதுவதும் அவ்வாறே. 'ரைட்' என்று சொல்லும் வழக்கம் எமது பிரதேசத்தில் உண்டு. இங்கிலாந்தில் உள்ளவருக்கோ, வினாத்தாள் தயாரிப்பவர் இவர்தானோ என்ற ஐயம் வரலாம். அங்கே 'சிட் என் எக்ஸாம்' அல்லது 'டேக் என் எக்ஸாம்' என்பர். மருந்தை நாம் குடிக்கிறோம். ஆங்கிலத்தில் பாணியாயினும் குளிசையாயினும் 'டேக்' தான். காய்ச்சலும் தலையிடியும் எமக்கு 'இருக்கின்றன' அல்லது 'அடிக்கின்றன', 'இடிக்கின்றன'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஹேவ்' போதும். வைத்தியரிடம் போகும் சகோதரிகள் இந்த இரண்டு ஜோடிகளையாவது மனதில் வைத்துக்கொள்வது பயன் தரும்.

பண்புச் சொல்லோடு சேரும் வினைகள்

பெயர்ச்சொல்லோடு மட்டுமன்றிப் பண்பை உணர்த்தும் சொல்லோடும் வினைகள் ஜோடி சேர்கின்றன. பால் கெட்டுப் 'போகிறது' என்கிறோம் அல்லவா? ஆங்கிலத்திலும் பால் போகத்தான் செய்கிறது: 'கோ பேட்'. புளித்துப் போவது 'கோ சவர்'. பார்வை போவது 'கோ பிளைண்ட்'. நல்ல நிலையில் இருந்து கெட்ட நிலைக்கு இறங்கும் இடங்களில் இந்த 'கோ' அடிக்கடி வரும். கனவு நனவாவது போன்ற நல்ல காரியத்துக்கோ, போவதற்குப் பதிலாக வருகிறது: 'கம் ட்ரூ'.

கோபம், களைப்பு, நனைதல், சுகமாதல், திருமணம் ஆகியவற்றுக்கு அன்றாடப் பேச்சில் 'கெட்' வரும்: 'கெட் ஆங்ரி', 'கெட் டயர்ட்', 'கெட் வெட்', 'கெட் பெட்டர்', 'கெட் மேரிட்'. நிறம் மாறினால் 'டர்ன்'. முகம் சிவந்தால் 'டர்ன் ரெட்', வெளிறினால் 'டர்ன் பேல்'. நோயில் விழுந்தார் என்று நாம் சொல்வது போலவே 'ஃபால் இல்' என்பர். ஆனால் அவர்கள் உறக்கத்திலும் விழுகிறார்கள்: 'ஃபால் அஸ்லீப்'. எல்லா இடத்திலும் 'பிகம்' போட்டுச் சமாளிக்கும் பிள்ளைகள் பலர். பொருள் விளங்கும், ஆனால் பால் 'பிகேம் பேட்' என்றால் கேட்பவருக்கு ஏதோ ஒன்று உறுத்தும்.

இது எமது பிள்ளைகளின் குறைபாடு என்று எண்ணிவிடாதீர்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹெரல்ட் பாமர் என்ற ஆங்கிலேயர் இத்தகைய சொற்கூட்டங்களைத் திரட்டி 1933இல் டோக்கியோவில் வெளியிட்டார். அவருடன் பணியாற்றிய ஏ.எஸ். ஹோர்ன்பியும் வேறு இருவரும் தொகுத்த மாணவர் அகராதி 1942இல் அங்கேயே அச்சாகி, 1948இல் ஒக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக வந்தது. அதன் புதிய பதிப்புகளையே இன்றும் மாணவர் புரட்டுகின்றனர். சொல் ஜோடிகளுக்கென்றே தனி அகராதியொன்றை ஒக்ஸ்ஃபோர்ட் 2002இல் வெளியிட்டது. பாடசாலை நூலகத்தில் இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

பிள்ளைக்கு ஒரு சிறிய கொப்பி வாங்கிக் கொடுங்கள். 'மிஸ்டேக் - பிழை' என்று தனிச் சொல்லாக எழுத விடாதீர்கள். 'மேக் எ மிஸ்டேக் - பிழை விடுதல்' என்று ஜோடியாகவே எழுதச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு மூன்று ஜோடிகள் போதும். இரவுச் சாப்பாட்டின்போது நீங்கள் தமிழில் சொல்லுங்கள், பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும். சரியா பிழையா என்று கொப்பி சொல்லும். அதனால்தான் தாய்க்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்றேன். நாளடைவில் உங்கள் நாவிலும் சில ஜோடிகள் தங்கிவிடும்.

இன்றைக்கே ஐந்தைக் கேட்டுப் பாருங்கள்: வாக்குறுதி கொடுத்தல், கனவு காணுதல், கேள்வி கேட்டல், ஓய்வு எடுத்தல், இயன்றவரை முயலுதல். விடைகள்: 'மேக் எ ப்ரொமிஸ்', 'ஹேவ் எ ட்ரீம்', 'ஆஸ்க் எ குவெஸ்ச்சன்', 'டேக் எ ரெஸ்ட்', 'டூ யுவர் பெஸ்ட்'.

பிள்ளை பிழை விட்டால் ஏசவேண்டாம், மற்றவர் முன் சிரிக்கவும் வேண்டாம். சிரிப்புக்குப் பயந்து மூடிய வாய் திறக்க நெடுநாள் எடுக்கும்.