மகளிரியல் படித்தால் வேலை உண்டா?



உங்கள் உயர்கல்வி வழிகாட்டியில் பொறியியலுக்குப் பக்கம் பக்கமாக இடம். பாலினக் கல்வி, மகளிரியல் பற்றி மூச்சே இல்லை. வேலை கிடைக்காது என்ற நினைப்புதான் காரணமென்றால், அது பாதி உண்மைதான்.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும்; அதில் வெளியிலிருந்து ஒருவரும் இருக்க வேண்டும். அக்குழுக்களுக்குப் பயிற்சி தர விவரம் தெரிந்தவர்கள் தேவை. பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றிலும் வேலை உண்டு, சம்பளம் சுமார்தான். கல்லூரி ஆசிரியப் பணிக்கான நெட் தேர்விலும் மகளிரியல் தனிப்பாடம்.

என்னைக் கேட்டால், இளங்கலையில் சமூகவியலோ பொருளாதாரமோ படித்துவிட்டு முதுகலையில் இதற்கு வருவது நல்லது. கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் போன்றவற்றை விசாரிக்கலாம். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். துறையில் நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர், களப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள், முன்பு படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? கட்டணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

அடுத்த வழிகாட்டியிலாவது இப்படிப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்