பாசியைக் காப்போம், பாசி எடுப்போரையும் காப்போம்

ஆலைகளும் மின் நிலையங்களும் மோட்டார்களும் கக்கும் கரியமில வாயுவில் சுமார் நாலில் ஒரு பங்கைக் கடல் விழுங்கிக்கொள்கிறது. நீரில் கரைந்த வாயு அமிலமாகிறது. யந்திரத் தொழில் தோன்றிய காலத்திலிருந்து கடலின் மேல்மட்ட நீரில் அமிலத்தன்மை சுமார் 30 சதவீதம் கூடிவிட்டதென்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். கடல் இன்னும் அமிலமாகிவிடவில்லை. ஆனால் அந்தத் திசையில்தான் போகிறது.

நஷ்டம் யாருக்கு? சங்கும் சிப்பியும் பவளமும் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டே தம் கூட்டைக் கட்டுகின்றன. அமிலம் ஏற ஏற அந்த வேலை கடினமாகிறது. குஞ்சுப் பருவத்தில் அடி பலமாக விழுகிறது.

இங்கேதான் கடல்பாசி துணைக்கு வருகிறது. வயலில் பயிர் செய்வதையே கடலில் பாசி செய்கிறது. பகல் வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்சி வளர்கிறது. பாசிக் காட்டுக்குள் அமிலம் தணிகிறது. சிறு ஜீவன்களுக்கு அது ஒரு நிழல். ஆனால் இரவில் அந்த வாயுவில் ஒரு பகுதி நீருக்கே திரும்புகிறது. ஆகவே "பாசி வளர்த்தால் போதும், புகைபோக்கி புகையட்டும்" என்போரை நாம் நம்பக்கூடாது. குடை பிடித்தால் மழை நின்றுவிடுமா?

மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். அங்குள்ள 21 தீவுகளும் 1986-ல் கடல் தேசியப் பூங்காவாயின. விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி முழுகி, மரிக்கொழுந்துப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் அன்று முதல் அத்துமீறியவர்களாகிவிட்டார்கள்! மாதத்தில் சில நாட்களே பாசி எடுப்பதென்று தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டவர்களும் இவர்கள்தான். இவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி 2015-ல் சர்வதேசப் பரிசு பெற்றார்.

மறுபுறம், வியாபாரத்துக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்னும் வெளிநாட்டுப் பாசி குருசடைத் தீவருகே பவளத்தின்மேல் படர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் கண்டார்கள். கையால் பறிப்பவளுக்குத் தடை, லாபத்துக்குப் பயிரிடுபவனுக்கு வரவேற்பு! இது என்ன நியாயம்?

நாம் கேட்பது மூன்று. பாசி எடுக்கும் பெண்களின் கடல் உரிமையைச் சட்டம் ஏற்க வேண்டும். பவளத்தருகே அந்நியப் பாசி வளர்ப்பது கூடாது. புகையை அது பிறக்கும் இடத்திலேயே குறைக்க வேண்டும். அதைச் சாக்கிட்டு எந்தத் தொழிலாளியின் வேலையிலும் கூலியிலும் கை வைக்கக்கூடாது.

கரி எரித்து லாபம் கண்டவன் ஒருவன். கடல் கெட்டால் பட்டினி கிடப்பவன் வேறொருவன். ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் அறியாத கணக்கா இது? பாசி எடுக்கும் சகோதரிகளின் பக்கம் நிற்பது நம் கடமை.